விரிப்பில் விழும் கோடுகள்

(வெள்ளி விழாவையொட்டிக் கழகக் கூடத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவார்கள், உத்தியோகத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள். தரைவிரிப்பைச் சுழல் இயந்திரத்தால் கழுவும்போது கோடு விழாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றி நாம் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்குக் கசப்பாகவும் இருக்கக்கூடும். அழைப்பிதழில் தலைப்பைக் கண்ட பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "தம்பி, 25 வருஷமா பிள்ளைங்க கையில இருக்கிற துடைப்பத்தைப் பிடுங்கத்தானே பாடுபட்டோம்? இப்ப நீங்களே மேடையேறி கழுவச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பிறப்பைக் காட்டி நம் தலையில் கட்டப்பட்ட தொழில்களை உதறி எறியுங்கள் என்று 1927-ஆம் ஆண்டு மகாடில் அண்ணல் அம்பேத்கர் அறைகூவல் விடுத்தார். மனிதக் கழிவை மனிதன் அகற்றும் கொடுமையைத் தடை செய்து 1993-இலும், பின்னர் இன்னும் கடுமையாக 2013-இலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சாக்கடைக் குழிக்குள் நம் பிள்ளை இறங்குவது பற்றி நாம் இங்கே ஒரு சொல்லும் பேசப் போவதில்லை. இறங்கவே கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் பெரியவருக்கு நாம் சொன்ன மறுமொழி வேறொன்றைப் பற்றியது. நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் படித்து, மேல்நிலைத் தேர்வும் பட்டயப் படிப்பும் முடித்த பிள்ளைகள் சிலர் இன்று எங்கே நிற்கிறார்கள்? நட்சத்திர விடுதிகளிலும், கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளிலும், விமான நிலையங்களிலும் 'ஹவுஸ்கீப்பிங்' என்னும் பெயரில் ஒப்பந்தக்காரரின் சீருடையணிந்து நிற்கிறார்கள். நிற்கக் கூடாது என்று நாம் மேடையில் முழங்குவதால் நாளைக் காலை அவர்கள் பணி மாறிவிடாது. அவர்கள் கையில் இருக்கும் இயந்திரத்தின் விஞ்ஞானத்தையேனும் அவர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

இந்தப் பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மிடம் படித்த மாணவர் ஒருவர்; பெயர் வேண்டாம். பெரிய விடுதியொன்றின் வரவேற்புக் கூடத்து விரிப்பை இரவு முழுதும் கழுவினார். விடியற்காலையில் விரிப்பு பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள், நெடுக நெடுகப் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள் தோன்றின. மேற்பார்வையாளர் மூன்று நாள் கூலியை வெட்டிவிட்டார். "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அந்த மாணவர் நம்மிடம் வந்து கூலியைப் பற்றிக் கேட்கவில்லை. "கோடு ஏன் ஐயா வந்தது? கழுவின அன்னிக்கு இல்லையே?" என்றுதான் கேட்டார். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல கேள்வி வாய்க்காது. அதற்கு விடை தேடப் புகுந்து நாம் படித்தவற்றையும், பணியிடங்களில் நேரில் கண்டவற்றையுமே இங்கே வைக்கிறோம்.

முதலில் இயந்திரம். தரைவிரிப்பைக் கழுவும் பழைய கருவி, நீண்ட குழாயின் முனையில் அகன்ற வாய் கொண்டது. வெந்நீரும் சோப்புக் கரைசலும் அழுத்தத்துடன் பீச்சப்படும். பின்னாலேயே வேக்குவம் அந்த அழுக்கு நீரை உறிஞ்சும். முன்னும் பின்னும் இழுப்பதால் இழையின் இரண்டு பக்கங்களே தேய்படும். சுழல்முறை இயந்திரத்திலோ, முனையில் வட்டமான தலை இருக்கிறது. அதனுள் நீர் பீச்சும் ஜெட்டுகளும், அவற்றை அடுத்து உறிஞ்சும் பிளவுகளும் மாறி மாறி அமைந்து, நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் சுழல்கின்றன. ஒவ்வோர் இழையையும் எல்லாத் திசையிலிருந்தும் நீர் தாக்குகிறது. அழுக்கு நன்றாகப் போகிறது. எனினும் நன்றாகக் கழுவும் கருவி என்பதனாலேயே, அது தொடாமல் விட்ட இடம் பளிச்சென்று காட்டிக் கொடுக்கிறது.

இப்போது கோடுகளுக்கு வருவோம். கோடு என்பது ஒரே நோயன்று. காய்ச்சல் என்று வந்தவனுக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் வைத்தியனைப்போல, கோடு விழுந்தவுடன் மீண்டும் சோப்பைக் கொட்டித் தேய்ப்பவன் நோயை வளர்க்கிறான். கோட்டின் உருவத்தைப் பார்க்க வேண்டும்; அது தோன்றிய நாளையும் பார்க்க வேண்டும். நேர்கோடாக இருந்தால் கையையும் காலையும் சந்தேகியுங்கள். பிறைபோல வளைந்திருந்தால் இயந்திரத்தின் தலையைச் சந்தேகியுங்கள். காய்ந்தபின் தோன்றினால் தண்ணீரையும், சில நாள் கழித்துத் தோன்றினால் சோப்பையும் சந்தேகியுங்கள்.

நேர்கோட்டை முதலில் பார்ப்போம். இதில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. வட்டமான தலை நேராக நகரும்போது, அதன் நடுப்பகுதி கடக்கும் இடத்திற்கும் விளிம்பு கடக்கும் இடத்திற்கும் ஒரே அளவு கழுவுதல் கிடைப்பதில்லை. தலையின் விட்டம் 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலுள்ள ஓர் இழையின்மீது 16 அங்குல நீளம் முழுவதும் கடந்து செல்கிறது. விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளேயிருக்கும் இழைக்கோ வட்டத்தின் நாண் அளவே கிடைக்கும். பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: 8-இன் வர்க்கம் 64, 7-இன் வர்க்கம் 49, மீதம் 15, அதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 7¾ அங்குலம். நடுவில் கிடைத்ததில் பாதிகூட இல்லை! சரியாக விளிம்பிலிருக்கும் இழைக்கு ஒன்றுமே இல்லை.

ஆகவே, 'தலை 16 அங்குலம், நாமும் 16 அங்குலம் தள்ளித் தள்ளிப் போவோம்' என்று நினைப்பவர் ஒவ்வொரு பட்டைக்கும் இடையே ஓர் அழுக்குக் கோட்டைத் தம் கையாலேயே வரைந்துவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் 11 அங்குலம் மட்டுமே தள்ளினால், அதாவது முன் பட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மீண்டும் மூடிக்கொண்டே வந்தால், எந்த இழைக்கும் 14 அங்குலத்திற்குக் குறையாத கழுவுதல் கிடைக்கும். சில இடங்களில் கூடுதலாகவே கிடைக்கும். உறிஞ்சுதல் சரியாக இருக்கும்வரை அந்தக் கூடுதல் கண்ணுக்குத் தெரியாது. குறைவுதான் கோடாகத் தெரியும். நாண், வட்டம் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் நாம் கற்பிக்கும்போது "இதனால என்ன பிரயோசனம் ஐயா?" என்று கடைசிப் பலகையிலிருந்து கேட்பார்களே, அவர்களுக்கு மூன்று நாள் கூலிதான் விடை.

வேகமும் சீராக இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு நடக்கும் நடையும் விடியற்காலை நான்கு மணிக்கு நடக்கும் நடையும் ஒன்றாயிருப்பதில்லை. மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நடக்கும் வழக்கம் நல்லது. முதல் பட்டைக்கு இருபது எண்ணினால் கடைசிப் பட்டைக்கும் இருபதே எண்ண வேண்டும். தொடங்கும் இடமும் நிறுத்தும் இடமும் தனிக் கவனம் வேண்டுபவை. தலை சுழன்று நகரத் தொடங்கிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். பட்டை முடிவதற்குச் சற்று முன்பே தண்ணீரை மூடிவிட்டு, வேக்குவம் மட்டும் ஓட முடிக்க வேண்டும். நின்ற இடத்தில் நீர் திறந்திருந்தால் அங்கே குளம் கட்டும். அது காய்ந்ததும் வரிசையாகத் திட்டுகள் தெரியும்.

பிறை வடிவக் கோடுகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறிஞ்சும் பிளவில் நூலும் முடியும் அடைத்திருக்கும். அல்லது ஒரு ஜெட் அடைபட்டிருக்கும். அல்லது கைப்பிடியை அழுத்திப் பிடித்ததால் தலை ஒருபுறம் சாய்ந்திருக்கும். உயரமான இழைகள் கொண்ட விரிப்பில் தலை மிகத் தாழ்ந்திருந்தாலும் இழை முறுக்கிக்கொண்டு வளையம் வளையமாகத் தெரியும். நம் பகுதியின் உப்பு நீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ஜெட்டின் நுண்ணிய துளையிலும் படிகிறது. அதைக் குண்டூசியால் குத்தி எடுக்காதீர்கள். துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த ஜெட் மட்டும் அதிக நீர் பீச்சும். கழற்றி வினிகரில் ஊற வைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். அமிலமும் காரமும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான்.

இனி, அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். மூன்றாம் நாள் தோன்றிய கோடு.

சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். அதனால்தான் அது அழுக்கைப் பிடித்து நீரோடு இழுத்துச் செல்கிறது. ஆனால் நீர் அதனை முழுதும் கழுவிச் செல்லாவிட்டால், அது இழைமேல் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். எண்ணெயை நாடும் முனை அப்போதும் சும்மா இருப்பதில்லை. நடந்து செல்பவர் ஒவ்வொருவரின் செருப்பிலிருந்தும் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழுவிய அன்று பளிச்சென்று இருக்கும். மக்கள் நடக்க நடக்க, சோப்பு தங்கிய பட்டைகள் மட்டும் கறுக்கத் தொடங்கும். டப்பாவில் குறித்துள்ள அளவுக்கு மேல் கரைசலைக் கெட்டியாக்கினால் இந்தத் தீமை வந்தே தீரும். அந்த மாணவரிடம் விசாரித்தோம். மறுநாள் திருமண வரவேற்பு இருந்ததாம்; நேரமில்லை என்று சொல்லி, மருந்தை இரட்டிப்பாக ஊற்றிச் சீக்கிரம் முடிக்கும்படி ஆணையிட்டவர் அதே மேற்பார்வையாளராம். வெறும் நீரால் அலசும் இரண்டாம் சுற்றும் நேரமின்மையால் கைவிடப்பட்டதாம்.

காய்ந்தபின் மறுநாளே தோன்றும் கோடு வேறு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப்போல, விரிப்பின் அடியில் தங்கிய நீர் இழை வழியாக மேலே ஏறி நுனியில் ஆவியாகிறது. அடியிலிருந்த அழுக்கை நுனியில் விட்டுவிட்டுப் போகிறது. விரிப்பின் முதுகில் சணல் இருந்தால் அதன் பழுப்புச் சாயமும் சேர்ந்து ஏறும். இதற்கு மருந்து சோப்பன்று, உலர்த்தலே. நீர் விட்டு ஒரு முறை சென்றால், நீரின்றி உறிஞ்சிக்கொண்டே ஒரு முறையோ இரு முறையோ செல்ல வேண்டும். பிறகு தரையோடு வீசும் மின்விசிறிகளை வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் காய்வதே நல்லது. 24 மணி நேரத்தைக் கடந்தும் ஈரமாயிருந்தால் கோடு மட்டுமன்று, நாற்றமும் பூஞ்சையும் வந்து சேரும்.

கோடே அல்லாத கோடும் ஒன்று உண்டு. வெல்வெட் துணியைக் கையால் ஒருபுறம் தடவினால் வெளுப்பாகவும் மறுபுறம் தடவினால் கருமையாகவும் தெரிகிறதல்லவா? இழைகள் படுத்திருக்கும் திசையால் வரும் தோற்றம் அது. விரிப்பிலும் அப்படியே. உள்ளங்கையால் எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். கோடு மறைந்தால் அழுக்கில்லை. ஈரம் காயும் முன்னரே, இழைவாரும் சீப்பினால் ஒரே திசையில் வாரிவிட்டால் போதும். இதை அறியாத மேற்பார்வையாளர்களிடம் நம் பிள்ளைகள் வாங்கும் வசவுக்குக் கணக்கே இல்லை.

கழுவத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உலர்ந்த தூசியை வேக்குவத்தால் முற்றும் எடுக்காமல் நீர் விட்டால் அது சேறாகும். முன்கூட்டித் தெளிக்கும் கரைசலைச் சீராகத் தெளித்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட வேண்டும். காய விடக் கூடாது. கம்பளி விரிப்பானால் கடுங்காரமும் கொதிநீரும் ஆகா. ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்குகிறதா என்று அறிந்த பிறகே கை வைக்க வேண்டும். நம் பவானி ஜமக்காளத்தின்மேல் தப்பித்தவறியும் இந்த இயந்திரத்தை ஏற்றிவிடாதீர்கள். தட்டையாக நெய்த பருத்தி அது, சுருண்டு சுழலில் சிக்கும். நீரும் மின்சாரமும் சேரும் வேலையாதலால், நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகி இல்லாத இடத்தில் இயந்திரத்தைத் தொடவே மறுத்துவிடுங்கள். இதில் நாணம் வேண்டாம்.

நிற்க. ஜெர்மனி நாட்டில் ஹெங்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் என்னும் வேதியியல் பொறியாளர் 1959-ஆம் ஆண்டு ஓர் எளிய உண்மையை வட்டமாக வரைந்து காட்டினார். எந்தப் பொருளைத் தூய்மை செய்வதற்கும் நான்கு வேண்டும்: மருந்து, தேய்ப்பு, வெப்பம், நேரம். இந்நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியே ஆக வேண்டும். இந்த வட்டத்தை நாம் அந்த மாணவருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப என்கிட்டேருந்து நேரத்தைப் பிடுங்கினதுதான் ஐயா விரிப்பில கோடா வந்திருக்கு" என்றார்.

அதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல இயலாது. ஆறு மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் முடிக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரர், குறைந்த நேரத்துக்கு ஈடாக மருந்தைக் கூட்டுகிறார். மருந்து கோடாகிறது. கோட்டுக்குத் தண்டம் கட்டுபவன் தொழிலாளி. காரணம் தெரியாதவரை, "நமக்கு வராது போலிருக்கிறது" என்று அவனும் நம்பிவிடுகிறான். கூலி வெட்டைவிட அந்த நம்பிக்கையே நமக்குக் கவலை தருகிறது.

வேக்குவம் கருவியின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கான்டன் நகரத்துப் பெருங்கடை ஒன்றில் ஜேம்ஸ் ஸ்பாங்ளர் என்பவர் துப்புரவுப் பணியாளராக இருந்தார். ஆஸ்துமா நோயாளி. விரிப்பைப் பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு மூச்சுத் திணறலைத் தந்தது. விசிறி மோட்டார் ஒன்றையும், துடைப்பத்தின் கைப்பிடியையும், ஒரு தலையணை உறையையும் இணைத்து, தூசியை உறிஞ்சும் மின்கருவியைத் தாமே செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தொழிலை விரிவாக்கப் பணமில்லாமையால் உரிமையை ஹூவர் குடும்பத்தாருக்கு விற்றார். இன்று இங்கிலாந்தில் அந்த வேலைக்கே 'ஹூவர்' என்பதுதான் வினைச்சொல். ஸ்பாங்ளரை யாருக்குத் தெரியும்? அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவன் துடைப்பம் பிடித்தவன்தான் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரும் பொருளும் எங்கே போயின என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலைநாடுகளில் விரிப்புக் கழுவுதல் சான்றிதழ் பெற்றுச் செய்யும் தொழில். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.சி.ஆர்.சி. என்னும் அமைப்பு இதற்கெனத் தேர்வும் தரமுறைகளும் வகுத்துள்ளது. இயந்திரத்தைச் சொந்த வண்டியில் ஏற்றிச் சென்று, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தன் பெயரில் பில் போடுகிறான் அங்குள்ள தொழிலாளி. அவன் பாட்டன் என்ன தொழில் செய்தான் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே இதே வேலையில் இயந்திரம் ஒருவருடையது, பில் ஒருவருடையது, முதுகுவலி மட்டும் நம்முடையது. 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோவும், 1997-இல் மைய அரசு தொடங்கிய துப்புரவுப் பணியாளர் நிதிக் கழகமும் சுயதொழிலுக்குக் கடன் உதவி அளிக்கின்றன. இவ்வேலையில் ஏற்கெனவே இருக்கும் நால்வர் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்க முன்வந்தால், விண்ணப்பம் எழுதும் பொறுப்பைக் கழகம் ஏற்கும் என்று செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எவரும் இதில் சேர்க்கப்பட மாட்டார்கள். அவர்கள் இடம் கல்லூரி. பெரியவருக்கு நாம் அளித்த உறுதி இது.

அந்த மாணவரின் வெட்டப்பட்ட கூலி திரும்பி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். எந்தக் கூடம், என்ன இழை, மருந்து எத்தனை மில்லி, தண்ணீர் எத்தனை லிட்டர், எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, அளவை மாற்றச் சொன்னவர் யார் என்று ஒவ்வோர் இரவும் எழுதுகிறார். அடுத்த முறை மருந்தை இரட்டிக்கச் சொன்னபோது, "எழுதித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க சார்" என்று குறிப்பேட்டை நீட்டினாராம். மேற்பார்வையாளர் கையெழுத்தும் போடவில்லை. மருந்தை இரட்டிக்கவும் சொல்லவில்லை. அலசுவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

இன்று கூட்டத்திற்கு வந்திருப்போருக்குக் கழகம் ஆளுக்கொரு குறிப்பேடு தருகிறது; வாயிலில் பெற்றுக்கொள்ளுங்கள். பின்கூடத்தில் வாடகைக்கு எடுத்த சுழல் இயந்திரம் ஒன்றும், பழைய நைலான் விரிப்பு ஒன்றும் வைத்திருக்கிறோம். விரிப்பின் குறுக்கே 11 அங்குலத்துக்கு ஒன்றாக நூல் கட்டியிருக்கிறது. நான்கு நான்கு பேராக வாருங்கள். முதற்சுற்றில் தண்ணீரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நூலைப் பார்த்து, இருபது எண்ணி, நடந்து மட்டும் பழகுவோம்.